கேபட் ட்ரெயில் "முழுச் சுற்று" டூர்: பாதியில் திருப்பிக் கூட்டிவந்த கதை

கனடாவில் நோவா ஸ்கோஷியா பக்கம் போய் கேபட் ட்ரெயில் பார்க்கலாம் என்று நினைத்திருப்பவர்கள், வேன் டூருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2025 ஜூலையில் நானும் அப்பா அம்மாவும் நன்றாக ஏமாந்தோம். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. எந்த இடத்தில் ஏமாந்தோம் என்பது தெரிந்தால் போதும்.

கேப் பிரெட்டன் தீவின் வடபகுதியை ஒரு வட்டமாகச் சுற்றிவரும் 298 கிலோமீட்டர் சாலைதான் கேபட் ட்ரெயில். மலையில் ஏறும், கடலோரம் இறங்கும், திரும்பவும் ஏறும். நடுவில் தேசியப் பூங்காவுக்குள் புகுந்து போகும். நான் டொராண்டோவில் தினமும் கார் ஓட்டுகிறவள்தான், ஆனால் மலைப்பாதை என்றால் கை நடுங்கும். அதனால்தான் டூர் தேடினேன். சிட்னியில் தங்கினோம். (ஆஸ்திரேலியா இல்லை, அந்தத் தீவிலும் ஒரு சிட்னி உண்டு.)

விளம்பரத்தில் "முழுச் சுற்று, ஒரே நாளில்" என்று போட்டிருந்தார்கள். காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்பலாம், மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். பக்கத்திலேயே, மலைச்சரிவில் பாம்பு மாதிரி நெளிந்து கடலை நோக்கி இறங்கும் சாலையின் படம். ஆளுக்கு 160 டாலர், வரி தனி. அந்தப் படத்தைப் பார்த்ததும் கார்டை எடுத்துவிட்டேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும். சிட்னியிலிருந்து வட்டத்தைத் தொடவே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போக, வர, சுற்ற என்று மொத்தம் 420 வரும். அந்த வளைவுகளில் மணிக்கு 60 என்று வைத்தால்கூட ஏழு மணி நேரம் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மிச்சம் ஒரு மணி நேரத்தில் சாப்பாடு, படம் எடுப்பது, பாத்ரூம் எல்லாம்! எட்டு மணி நேரத்தில் முடியாது என்று அவர்களுக்குத் தெரியாமலா விற்றிருப்பார்கள்?

அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தோம். அவருக்கு ஒரு பழக்கம். எந்த வண்டியில் ஏறினாலும் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்துப் பாக்கெட் டைரியில் குறித்துக்கொள்வார், ஸ்கூட்டர் ஓட்டிய காலத்திலிருந்து இருக்கிற பழக்கம். அன்றைக்கும் எட்டிப்பார்த்து 84,612 என்று எழுதினார். டிரைவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

வட்டத்துக்குள் நுழைந்த சூட்டோடு ஒரு பரிசுப்பொருள் கடையில் நிறுத்தினார். பத்து நிமிடம் என்றவர், கடைக்காரரோடு காபி குடித்துப் பேசிக்கொண்டே ஐம்பது நிமிடம் ஓட்டிவிட்டார். வண்டியில் ஏறியதும் பூங்கா நுழைவுக் கட்டணம் என்று ஆளுக்குப் பத்து டாலர் கேட்டார், ரொக்கமாக. அப்பாதான் முப்பது டாலர் எடுத்துக் கொடுத்தார். வேனில் எங்களோடு சேர்த்து எட்டுப் பேர்.

வழியில் வரும் கேப் ஸ்மோக்கி மலையைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன். மேலே நின்றால் காலுக்குக் கீழே கடல். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அதற்குப் பத்தே நிமிடம்தான் கொடுத்தார்கள். அப்புறம் கிழக்குக் கரை ஊரான இங்கோனிஷில் சாப்பாட்டுக்கு என்று ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். சாப்பிட்டு முடிக்கும்போது டிரைவர் வந்து, இதற்கு மேல் போக முடியாது, மேற்குப் பக்கம் 'லே ஸ்வெட்' அடிக்கிறது, வேனைக் கொண்டுபோனால் ஆபத்து என்றார்.

அப்படி ஒரு காற்று உண்மையிலேயே இருக்கிறது. மேற்குக் கரை ஊரான ஷெட்டிகாம்ப் பக்கம் மலையிலிருந்து இறங்கி அடிக்கும் தென்கிழக்குக் காற்றுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. சில நேரம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதனால் முதலில் நம்பிவிட்டேன். ஆனால் அன்றைக்கு ஓர் இலை அசையவில்லை. பூங்காவின் தகவல் மையத்துக்கு அம்மாவைப் பாத்ரூம் கூட்டிப்போனபோது, காரில் வந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. காலையில்தான் ஷெட்டிகாம்பிலிருந்து கிளம்பி வந்தார்களாம். காற்றா, எங்கே என்று சிரித்தார்கள். அந்த மாகாணத்தில் சாலை நிலவரம் சொல்ல 511 என்ற எண்ணும் தளமும் உண்டு. தளத்தைத் திறந்து பார்த்தேன். கேபட் ட்ரெயிலில் ஓர் எச்சரிக்கைகூட இல்லை.

அதே மையத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. 2025இல் ஜூன் 20 முதல் செப்டம்பர் 2 வரை கனடாவின் தேசியப் பூங்காக்களில் யாருக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. அப்படியானால் எட்டுப் பேரிடம் வாங்கிய எண்பது டாலர்?

டிரைவரிடம் கேட்டேன். அது சர்வீஸ் சார்ஜ் என்றார். சாலை திறந்துதான் இருக்கிறது என்று போனைக் காட்டினேன். மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டு சாவியைத் திருகினார். மற்ற ஐந்து பேரும் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழி? அந்த இடத்தில் பஸ்ஸா வரப்போகிறது!

வந்த சாலையிலேயே திரும்பினோம். "ஏம்மா, வட்டம்னு சொன்னே, இது போன வழியேதானே வருது?" என்று அப்பா பின்னால் திரும்பிக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தச் சாலை முழு வட்டமாக முடிந்தது 1932இல். எங்களுக்கு மட்டும் அது இங்கோனிஷோடு நின்றுவிட்டது. விளம்பரப் படத்தில் இருந்த அந்த நெளிவுச் சாலை மேற்குக் கரையில், ப்ளெசன்ட் பேவுக்கும் ஷெட்டிகாம்புக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில்கூட நாங்கள் போகவில்லை.

ஹோட்டல் வாசலில் இறங்கும்போது மீட்டரில் 84,850. ஆக மொத்தம் ஓடியது 238 கிலோமீட்டர். வட்டம் மட்டுமே 298!

மின்னஞ்சல் அனுப்பினேன். வானிலையைப் பொறுத்துப் பாதை மாறலாம் என்று விதிமுறையில் இருக்கிறது என ஒரு வரி பதில் வந்தது. சரி என்று கார்டு கம்பெனியிடம் புகார் கொடுத்தேன். விளம்பரம், 511 தளத்தின் ஸ்கிரீன்ஷாட், அப்பாவின் டைரிப் பக்கம், மூன்றையும் இணைத்தேன். அதற்காகப் பில்லைத் தேடி எடுத்தபோது, வரியும் 15 சதவீதம் போட்டிருந்தது கண்ணில் பட்டது. நோவா ஸ்கோஷியாவில் அது 2025 ஏப்ரல் 1 முதல் 14 சதவீதம். ஐந்து டாலர்கூட வராது, ஆனாலும் விடவில்லை பாருங்கள். ஆறு வாரம் கழித்து டிக்கெட் பணம் முழுதும் திரும்பி வந்தது.

நீங்கள் டூரில்தான் போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் ஷெட்டிகாம்ப் வழியாகத்தான் திரும்புவீர்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். சொந்தமாக ஓட்டினால் இரண்டு நாள் வைத்துக்கொள்வது நல்லது. என்னைப் போலப் பயப்படுகிறவர்கள் கடிகாரம் சுற்றும் திசையில் போகலாம். அங்கே வலப்பக்கம்தான் ஓட்டுவார்கள் என்பதால் பெரும்பாலும் மலையை ஒட்டிய பக்கம் கிடைக்கும். எதிர்த்திசையில் போனால் கடல் ஓரம் உங்கள் பக்கம். காட்சி பிரமாதம், வயிறு கலங்கும்.

பூங்காவுக்கு என்று கொடுத்த முப்பது டாலர் வரவில்லை. ரொக்கம், ரசீதும் இல்லை. கார்டு கம்பெனிக்கு அனுப்பிய டைரிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அடியில் 'பூங்கா 30' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார் அப்பா. காலையில் பணம் கொடுத்த கையோடு போட்டதாம்.