டிரம் அண்ட் பேஸ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

கிழக்கு லண்டனில் ஒரு டிஜே பயிற்சி நிலையத்தில் 480 பவுண்டு கட்டி ஆறு வார வகுப்பில் சேர்ந்தேன். முழுக்க டிரம் அண்ட் பேஸ் (உடைந்த தாளமும் கனத்த பேஸும் கொண்ட வேகமான நடன இசை), ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர், டபுள் டிராப் (இரண்டு பாட்டின் உச்சத்தை ஒன்றாக விழவைக்கும் வித்தை) வரை சொல்லித் தருவோம் என்பது விளம்பரம். போய்ப் பார்த்தால், ஒரே ஒரு செட் டெக்கை (பாட்டை ஓட்டிக் கலக்கும் கருவி) சுற்றி ஐந்து பேர் நிற்கிறோம், ஓடுவதோ 126 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 126 பீட்) ஹவுஸ் என்ற வேறு வகை நடனப் பாட்டு. புகார் நடந்துகொண்டிருப்பதால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்டதற்கு, "அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்" என்றார் ஆசிரியர். இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஹவுஸில் ஒவ்வொரு பீட்டிலும் கிக் (கனத்த டிரம் அடி) விழும். காது அதைப் பிடித்துக்கொண்டால் போதும். டிரம் அண்ட் பேஸ் 174 பிபிஎம்மை ஒட்டி ஓடுகிறது, கிக் முன்னும் பின்னுமாக உடைந்து விழுகிறது. அங்கே பிடிமானம் இரண்டாவது, நான்காவது பீட்டில் விழும் ஸ்னேர் என்ற கூர்மையான டிரம் அடிதான். டிரம் அண்ட் பேஸுக்கு முன்னோடியான ஜங்கிள் பாட்டாக இருந்தால் அதுவும் நிச்சயமில்லை. தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் பதிவு செய்த ஆமென் பிரேக் என்ற டிரம் துண்டை வெட்டி ஒட்டி வளர்ந்த இசை அது. ஸ்னேர் நினைத்த இடத்தில் விழாது. நேரமும் குறைவு. 16 பார் (ஒரு பார் நான்கு பீட்) என்பது 126இல் அரை நிமிடம், 174இல் வெறும் 22 நொடி. அதற்குள் அடுத்த பாட்டைப் பொருத்தி, பேஸை மாற்றி, கையை எடுத்திருக்க வேண்டும்.

ஒருவழியாக மூன்றாவது வகுப்பில் இரண்டு டிரம் அண்ட் பேஸ் பாட்டுகளைப் போட்டார்கள். ஆசிரியர் சிங்க் பட்டனை அழுத்தினார், பீட் இரண்டும் ஒட்டிக்கொண்டன. சரி. ஆனால் முதல் பாட்டின் டிராப் (டிரம்மும் பேஸும் முழு பலத்தோடு இறங்கும் இடம்) வந்து எட்டு பார் கழித்து இரண்டாவதின் டிராப் வந்தது, இரண்டு சப் பேஸும் (மிக ஆழமான பேஸ் ஒலி) மோதி ஸ்பீக்கர் முழுக்க ஒரே உறுமல். ஏன் இப்படி என்று கேட்டேன். "வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அதோடு அடுத்த மாணவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் மொத்தப் பாடமுமே. சிங்க் வேகத்தையும் பீட்டையும் பொருத்தும். பாட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காது. அதை எண்ணித்தான் பிடிக்க வேண்டும். பல வருடமாக வாசிக்கும் ஒரு பிரிஸ்டல் நண்பர் தன் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லித் தந்தார். புதுப் பாட்டின் இன்ட்ரோ (டிராப்புக்கு முந்திய தொடக்கப் பகுதி) 32 பார் என்றால், ஓடும் பாட்டின் இரண்டாவது டிராப்புக்குச் சரியாக 32 பார் முன்னால் அதைத் தொடங்க வேண்டும். 174இல் அது சுமார் 44 நொடி. தொடங்கும்போதே புதுப் பாட்டின் லோ ஈக்யூவை (பேஸ் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) முழுசாக இறக்கிவிட வேண்டும். டிராப் விழும் முதல் பீட்டில் ஒரு கை பழைய பாட்டின் லோவை இறக்கும், மறு கை புதியதின் லோவை ஏற்றும். சப் பேஸ் எப்போதும் ஒரு பாட்டிலிருந்து மட்டும். இரண்டு டிராப்பும் ஒரே பீட்டில் விழுந்து, ஒன்றின் டிரம்மும் மற்றதன் பேஸும் ஒரே பாட்டு மாதிரி கேட்டால் அதுதான் டபுள் டிராப். பிரிட்டிஷ் டிரம் அண்ட் பேஸ் டிஜே ஆண்டி சி மூன்று டெக்கில் செய்து பேர் வாங்கிய வித்தை இது. அதை விளம்பரத்தில் போட்டுக் காசு வாங்கியவர்கள் பார் எண்ணக்கூடச் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பாட்டுகள் போட்டுக் கொடுத்த யுஎஸ்பியும் மோசடி. எல்லாப் பாட்டும் 320 கேபிபிஎஸ் (எம்பி3 கோப்பின் உயர்ந்த தரம்) என்று எழுதியிருந்தது. ஸ்பெக்டரம் (ஒலியில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்ற படம்) காட்டும் ஒரு இலவச மென்பொருளில் திறந்தேன். பாட்டுக்குப் பாட்டு 16 கிலோஹெர்ட்ஸில் கத்தரித்த மாதிரி நிற்கிறது. 128ஐ 320 ஆக மாற்றி எழுதிய கோப்பில் இப்படித்தான் தெரியும். உண்மையான 320இல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். வீட்டு ஹெட்போனில் வித்தியாசம் தெரியாது, கிளப் ஸ்பீக்கரில் சிம்பல் எல்லாம் சலசலக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வகுப்பு தொடங்கிவிட்டது, தர முடியாது என்று பதில். பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது: சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதை நம்பி வாங்கினால் அதுவும் ஒப்பந்தத்தில் சேர்த்தி. அதைக் காட்டி எழுதியும் மசியவில்லை. சேரும்போது, வங்கிப் பரிமாற்றம் செய்தால் தள்ளுபடி உண்டு என்று விடாமல் வற்புறுத்தினார்கள். நான் கிரெடிட் கார்டில்தான் கட்டினேன். 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ளதை கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல்கள், கோப்புகளின் ஸ்பெக்டரம் படம் எல்லாம் அனுப்பிவிட்டேன், விசாரிக்கிறார்கள்.

எங்கே சேர்வதாக இருந்தாலும் முதலில் ஆசிரியரை சிங்க் இல்லாமல், திரையை மூடிவிட்டு, இரண்டு 174 பாட்டை உங்கள் கண்முன் கலக்கச் சொல்லுங்கள். ஒரு டெக்குக்கு எத்தனை பேர் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும் வங்கிப் பரிமாற்றம் மட்டும் வேண்டாம். என்னோடு படித்த நால்வரில் இரண்டு பேர் அப்படித்தான் கட்டினார்கள், அவர்களுக்கு 75ஆம் பிரிவு இல்லை. இதே நிலையத்தில் பணம் கட்டியவர் யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், புகார்க் கடிதத்தின் நகலைத் தருகிறேன்.