பவர் ஸ்டீயரிங் பம்ப் ஊளையிட்டால்: பிரித்துப் பார்ப்பதா, புதுப்பேட்டையா, புதுசா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். காலையில் ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கை வளைத்தால் பானெட்டுக்குள்ளிருந்து 'ஊங்...' என்று ஒரு இழுவை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். என்னுடையது 2007 மாடல் ஹூண்டாய் ஆக்சென்ட், பெட்ரோல். பட்டறையில் பானெட்டைத் தூக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "பம்ப் போயிருச்சு சார், மாத்திரலாம்."

மாற்றுவதென்றால் மூன்று வழி. சொந்த பம்பையே கழற்றிப் பிரித்து சீல் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள், ஓரிங்குகளின் புது செட்) போடுவது. பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ கழட்டிய பம்ப் வாங்கிப் போடுவது. டப்பா பிரிக்காத புதுசு வாங்குவது. நான் முதல் வழியில் போனேன், அதில் எனக்குத் திருப்தி. அதனால் இதை நடுநிலை அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாய்வு இருக்கிறது, ஏன் அந்தச் சாய்வு என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சத்தம் பம்பிலிருந்துதான் வருகிறதா என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 'கீச்' என்று கத்தினால் அது பெல்ட். ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் அந்தக் கீச்சல் உடனே மாறும் அல்லது நிற்கும். ஃபுல் லாக்கில், அதாவது ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிய நிலையில், வரும் 'உஸ்ஸ்' கோளாறே இல்லை; ரிலீஃப் வால்வு திறந்து அழுத்தத்தைத் திருப்பி விடுகிற சத்தம் அது. அந்த நிலையில் சில நொடிகளுக்கு மேல் பிடித்து வைக்காமல் இருந்தால் போதும். ஆல்டர்னேட்டர் பேரிங்கும் ஐட்லர் பேரிங்கும் பம்ப் மாதிரியே ஊளையிடும். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொன்றின் உடம்பிலும் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எது கத்துகிறது என்று தெரிந்துவிடும் (சட்டைக் கையும் கழுத்துத் துண்டும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). பம்புக்குத் தனி பெல்ட் உள்ள வண்டியென்றால் அதைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடலாம். சத்தம் நின்றால் பம்ப் பக்கம்தான் கோளாறு.

பம்ப் கத்துகிறது என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான்: காற்றா, தேய்மானமா? பெரும்பாலான பட்டறைகளில் இதைக் கேட்பதே இல்லை. மூன்று வழிகளில் எது சரி என்பது இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஸ்டீயரிங் லேசாகத் திரும்ப எண்ணெயை அழுத்தித் தள்ளுவதுதான் பம்பின் வேலை. அதற்குள் நீள்வட்ட உள்வாய் கொண்ட ஒரு எஃகு வளையம். அதற்குள் ரோட்டர் சுழலும். ரோட்டரின் காடிகளில் இருக்கும் மெல்லிய தகடுகள் சுழற்சி வேகத்தில் வெளியே வந்து வளையத்தின் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய் முழுசாக இருக்கும்வரை சத்தமில்லை. எண்ணெயோடு காற்றுக் குமிழி கலந்து வந்தாலும் ஊளைதான், எண்ணெயே போதாமல் வந்தாலும் ஊளைதான், தகடும் சுவரும் தேய்ந்துபோனாலும் ஊளைதான். காதுக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்று. பணத்துக்கு அப்படி இல்லை. முதல் இரண்டும் நூற்றுக்கணக்கில் முடியும், மூன்றாவது ஆயிரக்கணக்கில் போகும்.

காற்று எங்கிருந்து வருகிறது? எண்ணெய் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ஹோஸில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். அந்த ஹோஸில் வெடிப்பு இருந்தாலோ, கிளாம்ப் தளர்ந்தாலோ, பம்ப் வாயிலுள்ள ஓரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து போனாலோ, எண்ணெய் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே போகலாம். "கீழே ஒரு சொட்டுகூட இல்லையே சார், லீக்கே இல்ல" என்ற வாதம் இந்த ஒரு ஹோஸுக்குச் செல்லாது. இன்னொரு இடம், டப்பாவின் அடியிலுள்ள சல்லடை. பல வண்டிகளில் அதைத் தனியாகக் கழற்றவே முடியாது. பத்துப் பதினைந்து வருடக் கசடு அதில் படிந்துவிட்டால், இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை உறிஞ்சுவது போலத்தான் பம்ப் திணறும். குளிரில், எண்ணெய் கெட்டியாக இருக்கும் காலை நேரத்தில் சத்தம் அதிகமாகவும், வண்டி சூடானதும் குறைவாகவும் இருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல் விழ வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். நுரை, குமிழி, பால் கலந்த மாதிரி வெளுப்பு இருந்தால் காற்று. எண்ணெய் மட்டத்தைக் குறித்துக்கொண்டு இன்ஜினை அணையுங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் மட்டம் ஏறினால் சந்தேகமே வேண்டாம், உள்ளே காற்று இருக்கிறது. அடுத்து, ஒரு வெள்ளைத் துணியில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் வயது, அவ்வளவுதான். சாம்பல் நிறமும் மினுமினுப்பும் தெரிந்தால் உலோகம் தேய்கிறது. கூடவே, வண்டி நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஸ்டீயரிங் கனத்தால் தேய்மானக் கட்சிக்கு வலு கூடுகிறது. எண்ணெய் நீர்த்ததும் தேய்ந்த இடைவெளி வழியாக அழுத்தம் நழுவிவிடும்.

என் வண்டியில் நுரை இருந்தது, மினுமினுப்பு இல்லை. அதனால்தான் புதுசு வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொந்த பம்பைப் பிரிக்கச் சொன்னேன். வாயிலிருந்து எடுத்த ஓரிங் உருளையாகவே இல்லை. தட்டையாகிச் சதுரமாகக் கிடந்தது, நகத்தால் அழுத்தியதும் பிளந்தது. ஷாஃப்ட் சீலின் உதடும் பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருந்தது. எண்ணெய் ஒழுகும் சீல் காற்றையும் இழுக்கக்கூடும் என்பதால் அதையும் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தோம். வளையத்தின் உட்சுவரில் ஓடிய தடம் பளபளப்பாகத் தெரிந்தது, ஆனால் விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் மாட்டவில்லை. நகம் மாட்டியிருந்தால், அலை அலையாகப் பள்ளம் விழுந்திருந்தால், சீல் கிட் போடுவது வீண். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும்: சீல் கிட் ஒழுக்கை நிறுத்தும், தேய்மானத்தை நிறுத்தாது. "கிட் போட்டேன், சத்தம் அப்படியே இருக்கு" என்று புலம்புபவர்களில் பலர் வளையத்தைப் பார்க்காமலே கிட் போட்டவர்கள்.

பிரிப்பவர் கை சுத்தமானவராக இருக்க வேண்டும். தகடுகளின் உருண்ட விளிம்பு வளையத்தின் பக்கம் இருக்க வேண்டும். வளையம் எந்த முகம் மேலாக இருந்ததோ அப்படியே திரும்பப் போக வேண்டும். பிரிக்கும்போதே போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. புல்லி அழுத்திப் பொருத்தியதாக இருந்தால் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலை எடுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்; ஷாஃப்ட்டில் விழும் அடி நேராக பேரிங்குக்குத்தான் போகும்.

நான் இந்த வழிக்குச் சாய்வது செலவு குறைவு என்பதால் மட்டுமல்ல. பம்ப் ஏன் கத்தியது என்று சொல்லும் ஒரே வழி இதுதான். மற்ற இரண்டிலும் பழைய பம்ப் அப்படியே ஓரமாகப் போய்விடும், காரணம் வண்டியிலேயே தங்கிவிடும். சல்லடை அடைத்திருந்தால் புது பம்பும் அதே பட்டினியில்தான் ஓடும். ஹோஸ் காற்றை இழுத்தால் புது பம்பும் அதே குமிழியைத்தான் அரைக்கும். ஓடி ஓடித் தேய்ந்து, சில மாதத்தில் அதே ஊளை. அப்போது "புதுசே டூப்ளிகேட்" என்று கடைக்காரர் தலையில் பழி விழும். என் வண்டியில் டப்பாவையும் உறிஞ்சும் ஹோஸையும் கிளாம்புகளோடு மாற்றினேன், பம்புக்கு கிட். ஊளை போய்விட்டது. மார்கழிக் காலையில் முதல் வளைவில் லேசான முனகல் ஒன்று இன்னும் உண்டு. அதற்கு மேல் எதிர்பார்ப்பது இந்த வயது வண்டிக்கு அதிகம்.

புதுப்பேட்டை வழியை முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். உங்கள் பம்பின் வளையமோ உடம்போ போய்விட்டது, புதுசுக்குக் கை வரவில்லை என்றால் அதுதான் வழி. ஆனால் கழட்டிய பம்ப் எத்தனை காலம் வாய் திறந்து தூசியில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. காய்ந்த எண்ணெயில் தகடுகள் காடிக்குள்ளேயே ஒட்டியிருக்கலாம். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ, ஓரிடத்தில் பிடிப்போ இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். புல்லியின் விட்டமும் காடி எண்ணிக்கையும் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும், பிராக்கெட் துளைகளும் அப்படியே. பெட்ரோல் வண்டிப் பம்பும் டீசல் வண்டிப் பம்பும் ஒரே பெயரில் வேறு வேறாக இருக்கும். பழைய பம்பைக் கையோடு எடுத்துப் போவதே உத்தமம். அங்கே வாங்கினாலும் பிரித்துப் பார்த்துக் கிட் போட்டுத்தான் பொருத்த வேண்டும் என்றால், முதல் வழியின் கூலி இங்கேயும் வருகிறது. சொந்த பம்ப் நன்றாக இருக்கும்போது இதைச் செய்ய எனக்குக் காரணம் தெரியவில்லை.

புதுசு? எண்ணெயில் மினுமினுப்பு இருந்தால், வளையத்தில் நகம் மாட்டினால், யோசிக்காமல் புதுசு. பொருத்தும் முன் வாயில் எண்ணெய் ஊற்றி ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி நனைத்துக்கொள்ள வேண்டும். வறண்ட பம்பை ஸ்டார்ட் செய்தால் முதல் நிமிடத்திலேயே வயது குறையும். கம்பெனி சாமானுக்கும் வெளிச்சந்தைப் பெட்டிக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. மலிவான வெளிச்சந்தை பம்பை நான் போட்டு ஓட்டியதில்லை, அதனால் அது நிற்குமா நிற்காதா என்று சொல்ல மாட்டேன். விற்கும்போது காசு வருமே என்ற கணக்கு வேண்டாம். இந்த வயது ஆக்சென்ட்டை வாங்க வருபவர் ஏசியையும் டயரையும் பார்ப்பார், பம்ப் பில்லுக்காக விலையை ஏற்ற மாட்டார். டீசல் வண்டிகளிலும் எனக்குப் பழக்கம் குறைவு; பல டீசல்களில் ஆல்டர்னேட்டரோடு வாக்குவம் பம்பும் சேர்ந்திருக்கும், ஊளையைப் பிரித்துக் கேட்பது அங்கே இன்னும் சிரமம்.

எந்த வழியில் போனாலும் பழைய எண்ணெயை முழுசாக வெளியேற்றாமல் விடக்கூடாது. ரிட்டர்ன் ஹோஸை டப்பாவிலிருந்து கழற்றிப் பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்தத் துளையை அடைத்து, முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே புதுசு ஊற்றிக்கொண்டே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்ப வேண்டும். ஹோஸை மாட்டிய பிறகு, இன்ஜின் ஓடாமலே அதே மாதிரி திருப்பித் திருப்பிக் காற்றை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் காற்று நுரையாகிவிடும், அது அடங்க வெகுநேரம் பிடிக்கும். எண்ணெய், வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதுதான். ஆக்சென்ட்டுக்கு பிஎஸ்எஃப்-3, பல டொயோட்டா வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் ஏடிஎஃப், ஹோண்டாவுக்கு அவர்களுடைய தனி எண்ணெய். கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும், பம்போடு ரேக்கும் (சக்கரங்களைத் திருப்பும் பகுதி) போகும்.

ஒரு மாதம் ஓட்டிவிட்டு வெள்ளைத் துணிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். சொந்த பம்பை ஓவர்ஹால் செய்த பிறகும் சாம்பல் நிறம் திரும்பி வந்தால் என் பேச்சைக் கேட்க வேண்டாம். புதுசுக்குப் போங்கள், ரேக்கையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.