ஈசிஆர் வீட்ல நீச்சல் குளத்த சுத்தி டெக் போட்டு எட்டு வருஷம்: எது நின்னுச்சு, எது போச்சு

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போற வழியில எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கு, கடலுக்கு நடந்தே அஞ்சு நிமிஷத்துல போயிடலாம், சனி ஞாயிறுல வாடகைக்கு விடுவோம். 2017-ல அங்க 24க்கு 12 அடியில ஒரு நீச்சல் குளம் கட்டினோம். குளத்த பத்தி எனக்கு ஒரு புகாரும் இல்ல. அத சுத்தி கால் வெச்சு நடக்குற இடம் இருக்கு பாருங்க, அதுதான் என் பணத்தையும் தூக்கத்தையும் சேர்த்து சாப்பிட்டுச்சு. ரெண்டு தடவை போட்டாச்சு. முதல்ல போட்டது மூணரை வருஷத்துல போச்சு. 2021-ல போட்டது இன்னைக்கும் நிக்குது, ஆனா அதுலயும் குறை இருக்கு, அதையும் சொல்றேன்.

முதல் தடவை பண்ணது எல்லாம் கண்ணுக்கு பிடிச்சத வெச்சு பண்ணது. குளத்தோட விளிம்புக்கு கருப்பு கடப்பா கல், ரெண்டு பக்கம் ராஜஸ்தான் மணற்கல், கடல் பாத்த பக்கம் டபிள்யூபிசி பலகை, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து பண்ணது, அதுவும் சாக்லேட் கலர். சாம்பிள ஏசி ரூம்ல கையில வெச்சு பாத்தா எல்லாமே அழகாதான் இருக்கும். மே மாசம் கத்திரி வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு வெறுங்கால்ல நின்னு பாக்கணும், அப்பதான் தெரியும். ஏசி மெக்கானிக் கிட்ட இருந்து அந்த துப்பாக்கி மாதிரி இருக்கிற தெர்மாமீட்டர வாங்கி அடிச்சு பாத்தேன், பலகை 66 டிகிரி, கடப்பா 63, மணற்கல் 49. வந்த பசங்க ரூம் வாசல்ல இருந்து குளத்துக்கு ஓடுனது தீமிதி திருவிழா மாதிரி இருந்துச்சு. ஒரு விஷயம் மட்டும் பலகைக்கு சாதகமா சொல்லணும், அஞ்சரை மணிக்கெல்லாம் ஆறிடும். கடப்பா ஏழு மணி வரைக்கும் சூட்ட விடாது, உக்காந்தா எந்திரிச்சிடுவீங்க.

சரி சூடுதான, செருப்பு போட்டுக்கலாம்னு விட்டோம். அடுத்த வருஷம் மணற்கல் ஆரம்பிச்சுது. எங்களுது உப்பு குளோரினேட்டர் போட்ட குளம், அதாவது தண்ணியிலயே லிட்டருக்கு மூணு நாலு கிராம் உப்பு இருக்கும், அதுல கரண்ட் விட்டு அதுவே குளோரின் பண்ணிக்கும். குளிக்கிறதுக்கு நல்லா இருக்கும், கண் எரியாது. ஆனா பசங்க குதிக்கிறப்ப தெறிக்கிற தண்ணி மணற்கல்லோட பொடி ஓட்டையில இறங்கி, வெயில்ல தண்ணி மட்டும் ஆவியாகி, உப்பு உள்ளயே கட்டியாகி கல்ல உள்ள இருந்து தள்ளுது. அப்பளம் பொரிஞ்ச மாதிரி மேல் தோல் ஏடு ஏடா வந்துச்சு. தொடப்பத்தால கூட்டுனா கல்லே மணலா கொட்டுது. குளத்துல இருந்து நாலடி தள்ளி இருந்த அதே கல்லுக்கு ஒண்ணும் ஆகல, இன்னைக்கும் அத தோட்டத்து நடைபாதையில போட்டு வெச்சிருக்கேன், சும்மா ஜம்முனு இருக்கு. அதனால மணற்கல் மோசம்னு சொல்ல மாட்டேன், உப்புத்தண்ணி குளம் பக்கத்துல வேணாம்னுதான் சொல்றேன்.

பலகை கதை வேற. டபிள்யூபிசி வெயில்ல நீளும், பிளாஸ்டிக் கலந்தது இல்லையா, அதனால பலகை முடியுற இடத்துல செவுத்துக்கும் அதுக்கும் இடைவெளி விடணும். போட வந்தவங்க கேப் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு டைட்டா முட்டுக் கொடுத்து அடிச்சிட்டு போயிட்டாங்க, எனக்கும் அப்ப தெரியாது. மத்தியானம் ஆனா டப்பு டப்புனு சத்தம் வரும், விருந்தாளிங்க கூரை மேல குரங்கு வந்திருக்கான்னு கேப்பாங்க. ரெண்டாவது கோடையில நடுவுல ரெண்டு இடத்துல ஒட்டக முதுகு மாதிரி தூக்கிடுச்சு. விற்ற கடைக்கு போன் பண்ணா "சார் தண்ணி அதிகம் படுது போல, அதான்"னு சொன்னாங்க. நீச்சல் குளத்துக்கு பக்கத்துல! வாரன்ட்டி பேப்பர எடுத்து பாத்தா கடலோரத்துக்கு பொருந்தாதுன்னு பொடி எழுத்துல ஒரு வரி. அத நான் மொதல்லயே படிச்சிருக்கணும்.

2020 நவம்பர்ல நிவர் புயல் போன அடுத்த வாரம் பலகைய பிரிச்சோம், ஏன்னா தண்ணி வடியவே இல்ல, நாத்தம் வேற. அடியில பாத்தத மறக்க முடியாது. பலகைய தாங்குற சட்டம் முழுக்க எம்எஸ் டியூப், அதாவது சாதா இரும்பு, மேல துருவுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, கையால அழுத்துனா பிஸ்கட் மாதிரி உடையுது. வெளிய பாத்தா பெயின்ட் இருக்கு, உள்ள இரும்பே இல்ல. ஸ்க்ரூ எல்லாம் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு பில் போட்டது, காந்தம் வெச்சா ஒட்டிக்கிச்சு, பாதி ஸ்க்ரூக்கு தலையே இல்ல. தரையில ரசமட்டம் வெச்சு பாத்தா வாட்டம் வெளிய போகாம வீட்டு செவுத்து பக்கமா இருக்கு. தண்ணி வெளிய போற பைப்போட வாயில கொத்தனார் விட்ட கலவை காஞ்சு கல்லா அடைச்சிருக்கு. அதுக்குள்ள ஒரு தேரை குடும்பம். மூணு வருஷமா மேல பலகைக்கு எண்ணெய் பூசவா, கலர் மாத்தவான்னு யோசிச்சிட்டு இருந்திருக்கேன், எல்லா கோளாறும் கீழ படுத்து தூங்கிட்டு இருந்திருக்கு.

அதனால ரெண்டாவது தடவை முதல்ல தரையதான் பாத்தேன். பழசு எல்லாத்தையும் உடைச்சு எடுத்துட்டு எம்30-ங்கிற பலமான ரக கான்கிரீட், கம்பிய மூடி 50 மிமீ கான்கிரீட் கவர். மேஸ்திரி "தரைக்கு எதுக்கு சார் இவ்வளவு"ன்னாரு. கடல் காத்து படுற இடத்துக்கு கம்பி போட்ட கான்கிரீட் எம்30-க்கு குறைய கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்திய தரக்குறியீடு ஐஎஸ் 456-லயே இருக்குன்னு காட்டினேன், சிரிச்சிட்டு போட்டாரு. அதவிட பெரிய சண்டை தண்ணிக்கு. எங்க போர் தண்ணி வாயில வெச்சா கரிக்கும். மோட்டார போட்டு ஹோஸ கலவை மெஷின்ல விட்டுட்டா வேலை சுலபம், எல்லாரும் அதத்தான் பண்றாங்க. ஆனா அதே ஐஎஸ் 456-ல, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு கலக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்க கூடாதுன்னு போட்டிருக்கு, ஏன்னா அந்த உப்பு உள்ளயே உக்காந்து கம்பிய தின்னும். வெளிய இருந்து வர்ற உப்பயே தடுக்க முடியல, நாமளே உள்ள வெச்சு கட்டுறது என்ன கணக்கு? லாரி தண்ணி வாங்குனோம், கலக்குறதுக்கும், போட்ட கான்கிரீட்ட ஈரமா வெச்சிருக்கிற கியூரிங்குக்கும். மொத்த செலவுல அது ஒரு தூசி.

வாட்டம் 80க்கு 1, குளத்துல இருந்து வெளிய பாத்து. நானே நின்னு ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி, அது நிக்காம ஓடுதான்னு பாத்துட்டுதான் கல் போட விட்டேன். ஒரு மூலையில திட்டா நின்னுச்சு, உடைச்சு திரும்ப போட வெச்சேன், அன்னைக்கு யாரும் என்கிட்ட பேசல.

மேல போட்டது வெளிர் சாம்பல் கிரானைட், ஃப்ளேம்டு ஃபினிஷ், அதாவது நெருப்பால சுட்டு சொரசொரப்பு பண்ணது. ஈரக்கால் வழுக்காது, உப்பு உள்ள இறங்க இடமில்ல. சுத்த வெள்ளையா போடலாம்னு ஆசை, மெட்ராஸ் மொட்ட மாடியில போடுவாங்களே உடைஞ்ச வெள்ளை ஓடு, அத மூணடிக்கு போட்டு பாத்தேன். காலுக்கு ஜில்லுனுதான் இருந்துச்சு, ஆனா கண்ணு கூசுது, ஈரத்துல என் அக்கா பையன் வழுக்கி முட்டிய பேத்துக்கிட்டான், மறுநாளே எடுத்தாச்சு.

உக்கார்ற இடத்துக்கு மட்டும் கொஞ்சம் மரம். இடிச்ச பழைய வீட்டு பர்மா தேக்கு, விட்டமா இருந்தத ரீப்பரா அறுத்து வாங்குனது. அடியில இரும்பே கிடையாது. வேலிக்கு நடுவாங்களே கல்தூண், அத அடியடியா வெட்டி மணை மாதிரி வெச்சு, அது மேல அலுமினியம் டியூப், நடுவுல ரப்பர் பட்டை, ஸ்க்ரூ எஸ்எஸ் 316. 316, 304 எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ரகம். 304-ம் பரவாயில்லைம்பாங்க, எங்க கேட்டுக்கு 304 கீல்தான், ஒரே வருஷத்துல டீக்கறை மாதிரி பழுப்பு விழுந்துச்சு. 316-ல மாலிப்டினம் கொஞ்சம் சேர்த்திருப்பாங்க, உப்புக்கு அது தாங்குது. காந்தம் பலமா ஒட்டுனா சந்தேகப்படுங்க, லேசா ஒட்டுறது நல்ல ஸ்க்ரூலயும் உண்டு, ஆனா ஒட்டலைன்னா அது 316-ன்னு அர்த்தம் இல்ல, 304-ம் பெரும்பாலும் ஒட்டாது. போல்ட் தலையில ஏ4-ன்னு முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க. பலகைக்கு நடுவுல ஒரு ஆறு மிமீ இடைவெளி, நாலு பலகைய கழட்டுற மாதிரி விட்டிருக்கேன், வருஷம் ஒரு தடவை தூக்கி அடியில பெருக்கிடுவோம்.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரைய கடந்துச்சு, கிட்டத்தட்ட எங்க தலை மேலயே. காலையில போய் பாத்தா ஒரு சவுக்கு மரம் குளத்துக்குள்ள தலைய விட்டு கிடக்குது, டெக் மேல கணுக்கால் அளவு மணல். மரத்த அறுத்து எடுத்து மணல அள்ளினப்புறம் ஒரு கிரானைட் விளிம்புல ரூபா காசு அளவு சில்லு போயிருந்துச்சு, அவ்வளவுதான். தேக்கு ஒரு பலகை கூட அசையல. அன்னைக்குதான் அந்த பக்கெட் தண்ணி சண்டைக்கு மனசுக்குள்ள ஒரு சபாஷ் போட்டுக்கிட்டேன்.

இப்ப குறை. கிரானைட் சூடு இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதே தெர்மாமீட்டர்ல மே மாசம் 53 காட்டுது. பழசுக்கு தேவலாம், ஆனா ரெண்டு மணிக்கு வெறுங்கால்ல நிதானமா நடக்க முடியாது. கயித்து மிதியடி போட்டு பாத்தோம், மூணு மாசத்துல பூஞ்சை. துணிப்பந்தல் கட்டியிருக்கோம், நல்லாதான் இருக்கு, ஆனா அக்டோபர் வந்தா கழட்டி வெச்சிடணும், இல்லைன்னா காத்து அத தூக்கிட்டு போறப்ப கொக்கியோட சேர்த்து செவுத்தையும் பேத்துக்கிட்டு போகும். குளத்துக்கும் டெக்குக்கும் நடுவுல இருக்கிற ஜாயின்ட்டுல முதல்ல சிலிக்கான் போட்டேன், ரெண்டு வருஷத்துல உரிஞ்சு வந்துச்சு, இப்ப பாலியூரித்தேன். அந்த ஜாயின்ட்ட சிமென்ட் வெச்சு அடைச்சிடாதீங்க, குளம் ஒரு பக்கம் டெக் ஒரு பக்கம் அசையும், விரிசல் விட்டா தண்ணி உள்ள இறங்கும். கல்லுக்கு நடுவுல இடுக்க அடைச்ச எபாக்சி கிரவுட் வெயில்ல மஞ்சளாயிடுச்சு, பலம் போகல, பாக்க மட்டும் பழைய பல்லு மாதிரி இருக்கு. தேக்குக்கு முதல் ரெண்டு வருஷம் எண்ணெய் பூசினேன், அப்புறம் விட்டுட்டேன், வெள்ளி சாம்பலாயிடுச்சு, அதுவே நல்லா இருக்குன்னு வர்றவங்க போட்டோ எடுக்குறாங்க.

பராமரிப்புன்னா வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணியில கழுவுறது, சவுக்கு ஊசிய அன்னன்னைக்கே கூட்டுறது, ஈரத்தோட கிடந்தா கல்லுல பழுப்பு கறை இறங்கும். நடுவுல ஒரு மாசம் கல்லெல்லாம் வெள்ளையா உப்பு பூத்துச்சு, என்னடா இதுவும் போச்சான்னு பயந்துட்டேன், அப்புறம் விசாரிச்சா வாட்ச்மேன் அண்ணன் தண்ணி வீணாகுதேன்னு ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற கழிவு தண்ணிய பிடிச்சு வெச்சு கழுவியிருக்காரு. நல்ல மனசுதான், ஆனா உப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு.

செலவு கேப்பீங்க. முதல் தடவைய விட ரெண்டாவது தடவை ஒண்ணே கால் மடங்கு ஆச்சு, அதுல பாதிக்கு மேல கண்ணுக்கு தெரியாத வேலை. இப்போதைக்கு ஒரே ஒரு சந்தேகம், படிக்கட்டு பக்கத்துல ஒரு கல்ல தட்டுனா டொக்குனு வெத்து சத்தம் வருது, அடியில கலவை சரியா பரவல போல. சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன், மழைக்கு முன்னாடி அந்த ஒரு கல்ல மட்டும் எடுத்து பாக்கணும்.