நாரிப்பிடிப்பும் மனப்பாரமும்: எண்ணெயா, சாந்தியாசனமா, ஃபெல்டன்கிரைஸா?

யாழ்ப்பாணத்தில் உடம்பு உளைந்தால் முதலில் நினைவுக்கு வருவது நல்லெண்ணெய்தான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, அரப்பும் எலுமிச்சம்பழமும் அவித்துத் தோய்ந்தால் அன்றிரவு நல்ல நித்திரை. பெரிய செலவில்லை, பழக்கப்பட்ட விஷயம். விடாத பிடிப்பென்றால் கைதடிச் சித்த வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் தேய்ப்பவர் கையில் உடம்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறோம். அடுத்த நாள் தையல் மெசினில் அதே மாதிரிக் குனிந்தால் அதே பிடிப்புத்தான். போர்க்காலத்தில் அடி உதை பட்டவர்களுக்கோ பிறர் கை படுவதே பதற்றத்தைக் கிளப்பலாம்.

சாந்தியாசனத்தில் யாரும் தொடத் தேவையில்லை. பாயில் மல்லாந்து, பாதத்தில் தொடங்கித் தலைவரை தளரவிடுவதுதான். எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக எழுதிய தசைத்தளர்வு முறையும் கிட்டத்தட்ட இதுவே. அதில் தசையை இறுக்கிவிட்டுத் தளர்த்துவார்கள். போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மரபுவழித் தளர்வுப் பயிற்சிகள் உதவுவதைப் பற்றி உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். நித்திரை வராதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் அசையாமல் கண்ணை மூடினால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், பழைய காட்சிகள் வரும். அவர்களை "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ" என்று படுக்கவைப்பது கொடுமை. எழும்பட்டும்.

அவர்களுக்கு, மெல்லிய சிறு அசைவுகளால் உடம்பின் இறுக்கத்தைக் கவனிக்கப் பழக்கும் ஃபெல்டன்கிரைஸ் முறைதான் என் தேர்வு. மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) பௌதிகவியல் படித்தவர், ஜூடோ பயின்றவர். தன் முழங்கால் காயத்தோடு மல்லுக்கட்டியபோது இந்த வழியில் இறங்கினார். ஒரு பாடம் பாருங்கள். மல்லாந்து, முழங்காலை மடித்துப் பாதங்களை ஊன்றுங்கள். இடுப்புக்கு அடியில், பாயின்மேல் ஒரு மணிக்கூட்டு முகம் இருப்பதாக நினையுங்கள். தொப்புள் பக்கம் பன்னிரண்டு, வால் எலும்புப் பக்கம் ஆறு. நாரி (கீழ்முதுகு) பாயில் படியும்படி மெல்லப் பன்னிரண்டுக்குச் சரியுங்கள், பிறகு ஆறுக்கு. மூச்சு அடைத்தால் அசைவு பெரிதாகிவிட்டது, பாதியாக்குங்கள். அரிசி மூட்டை சுமப்பவருக்கு அதன்மேல் ஒரு பிடி அரிசி விழுந்தால் தெரியாது. பலம் போடுவது குறைந்தால்தான் எங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று உடம்புக்குப் பிடிபடும். கண் திறந்திருக்கலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். குறை என்றால், ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்; பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லித்தந்தால் நல்லது. நிற்கும், இருக்கும் பழக்கத்தைத் திருத்தும் அலெக்சாண்டர் முறையையும் கேட்பார்கள். அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரின் கை வேண்டும், அதனால் இங்கே சேர்க்கவில்லை.

நாரியும் மனமும் சேர்ந்து இறுகியவர்கள் காலையில் மணிக்கூட்டுப் பாடம் செய்யலாம், சனிக்கிழமை எண்ணெயையும் விடவேண்டாம். நோ காலுக்கு இறங்கி விறைத்தால் மட்டும், எதையும் தொடங்காமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.