90ஸ் மிட்டாய்ப் பெட்டியா, ஒரு கிலோ கடலைமிட்டாயா?

போன தீபாவளிக்கு இரண்டையும் வாங்கினேன். இணையத்தில் ஒரு கடையில் '90ஸ் கிட்ஸ்' மிட்டாய்ப் பெட்டி, 400 ரூபாய் சொச்சம். கோவில்பட்டியிலிருந்து பார்சலில் ஒரு கிலோ கடலைமிட்டாய், அதைவிடக் கொஞ்சம் குறைவு. இந்த வருஷம் ஏதாவது ஒன்றுதான் என்று வீட்டில் உத்தரவு. என் ஓட்டு கடலைமிட்டாய்க்கு.

பெட்டியைத் திறக்கிற சந்தோஷம் தனிதான். தேன் மிட்டாய், ஜவ்வு மிட்டாய், எலந்தவடை, சூட மிட்டாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சல். அண்ணன் கமர்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் இருந்தான். அதற்கே அந்தக் காசு தகும்.

ஆனால் நான் பார்ப்பது மீதியை. ஒரு மாதம் கழித்து டப்பாவில் என்ன கிடக்கிறது?

பெட்டியில் பாதி அப்படியே கிடந்தது. தேன் மிட்டாயை ஆளுக்கொன்று எடுத்தோம். இரண்டாவதை யாரும் தொடவில்லை. பேரில்தான் தேன். அரிசி, உளுந்து மாவில் சாயம் சேர்த்துப் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவது. எங்களுக்கு வந்ததில் பாகு இறுகிச் சர்க்கரை பூத்திருந்தது. சுடச்சுட வந்திருந்தாலும் இரண்டாவதை எடுத்திருப்பேனா என்பது சந்தேகம்தான். சின்ன வயதில் கையில் இருந்ததே ஒரு 25 பைசா. இன்னொன்று வாங்க வழியில்லை என்பதால்தான் விரலைக்கூட நக்கினோம். அந்தக் காசே 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டது.

கடலைமிட்டாயும் பழைய நினைப்பில் வாங்கியதுதான். ரயில் கோவில்பட்டியில் நின்றதும் அப்பா இறங்கி ஓடுவார்; வண்டி கிளம்பிவிடுமோ என்று அம்மா பதறுவார். அந்த நினைப்பு இரண்டு துண்டில் தீர்ந்துவிட்டது. மூன்றாவது துண்டைக் கடலைக்காகவும் வெல்லத்துக்காகவும்தான் தின்றேன். கரிசல் காட்டுக் கடலை, தாமிரபரணித் தண்ணீரில் காய்ச்சிய பாகு, மேலே சாயமேற்றிய தேங்காய்த் துருவல். 2020-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. என் பையனுக்கு அந்த ரயிலும் தெரியாது, ஊரும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு துண்டு எடுத்துக்கொள்வான். இருபது நாளில் டப்பா காலி. மிட்டாய்ப் பெட்டியில் அவன் கை வைத்தது ஜவ்வு மிட்டாயில் மட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது ஒரே ஒரு பெட்டி. செய்கிற இடத்திலேயே வாங்கி அன்றே தின்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். கடலைமிட்டாயையும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பார்த்ததில்லை. மூடியைச் சரியாக மூடாத ஒரே ராத்திரியில் நமுத்துப்போனது. கடலையில் எண்ணெய் இருக்கிறதே, நாள்பட்டால் சிக்கு வாடையும் வரும். கிலோவாக வாங்காமல் அரை அரைக் கிலோவாக வாங்குவது நல்லது.

அப்புறம், அண்ணன் இந்த வருஷமும் வருகிறான். அவனுக்காகக் கமர்கட் மட்டும் 100 கிராம் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.