கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் வார்ல டார்கெட் பிரிச்சுக் குடுக்குறது: தங்கச்சிமடத்துல இருந்து 7 வருஷ அனுபவம்

2018 கடைசியில, கிளான் வார் லீக் வந்த சமயத்துல கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்ங்குற மொபைல் கேமை ஆட ஆரம்பிச்சேன், இன்னைக்கு வரைக்கும் விடல. கேம் ரிவ்யூன்னு நினைச்சு வந்தவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், எந்த ட்ரூப் (படை) பெஸ்ட்டு, எந்த பேஸ் (கேம்ல நாம கட்டுற ஊர்) லேஅவுட் பெஸ்ட்டுன்னு இதுல பெருசா வராது. அதுக்கு யூட்யூப்ல ஆயிரம் வீடியோ கெடக்கு. நான் எங்க கிளான்ல (சேந்து ஆடுற குழு) கோ-லீடரா, அதாவது லீடருக்கு அடுத்த ஆளா இருந்து ஒரு 38 பேரை சேத்து வச்சு, யாரு யாரை அடிக்கணும்னு பிரிச்சுக் குடுத்து, அதுல என்ன சரியா வந்துச்சு என்ன வரலைன்னுதான் எழுதுறேன். ஏன்னா எங்க கிளான்ல பாதிப் பேரு கடலுக்குப் போறவங்க, வெளிய சொல்ற எந்த டிப்ஸும் எங்களுக்கு அப்படியே ஒத்து வரல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஒரு கிளான்ல 50 பேரு வரைக்கும் இருக்கலாம். வார் போட்டா முதல் 23 மணி நேரம் தயாராகுறதுக்கு, அடுத்த 24 மணி நேரம் சண்டைக்கு. ஆளுக்கு 2 அட்டாக். எதிரி பேஸ்ல பாதி உடைச்சா 1 ஸ்டார், டவுன் ஹாலை (பேஸோட முக்கியக் கட்டடம்) உடைச்சா 1 ஸ்டார், 100 சதவீதமும் உடைச்சா மொத்தம் 3. ஒரே பேஸை பத்துப் பேரு அடிச்சாலும் அதுல நல்ல அட்டாக் எதுவோ அது மட்டும்தான் கணக்கு, அதனால எல்லாரும் ஈஸியான பேஸ்ல போய் விழுந்தா அட்டாக் பூராம் வீண். ஸ்டார் சமமா வந்துச்சுன்னா உடைச்ச சதவீதத்தை வச்சு முடிவு. ஆக டார்கெட் பிரிக்கிறதுதான் வாரே.

எங்க ஆளுங்களப் பத்தி சொல்லணும். ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் விசைப்படகுல போறவங்க ஒரு 11 பேரு, நாட்டுப்படகு 5 பேரு, மண்டபத்துல ஐஸ் வண்டி ஓட்டுற ஒருத்தரு, கீழக்கரையில இருந்து 4 பேரு அதுல ரெண்டு காக்கா (அங்க அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவாங்க) துபாய்ல இருக்காங்க, தொண்டியில ஒரு தம்பி, ராமநாதபுரத்துல காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சி, மிச்சம் ஸ்கூல் முடிச்ச பசங்க. நான் படகு இன்ஜின் வேலை பாக்குறேன், ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன்.

ஆரம்பத்துல எல்லாரும் செய்யுற மாதிரி மிரர்தான். பலமானவங்க மேல வர்ற மாதிரி இருக்குற நம்ம லிஸ்ட்ல 6-வது ஆளு அங்க 6-வது பேஸை அடிக்கணும். பாக்க நியாயமாத்தான் இருக்கும், சண்டை வராது, லீடருக்கும் தலைவலி இல்ல. ஆனா ஜெயிக்க முடியல. அந்த நம்பர்ல இருக்குற நம்மாளு ஹீரோவை (படையிலயே பெரிய வீரன்) அப்கிரேடுல போட்டு வச்சிருப்பான், அப்பல்லாம் அப்கிரேடுல இருக்குற ஹீரோவை வார்ல இறக்க முடியாது, அவனுக்கு அதே நம்பர் பேஸ் மலை மாதிரி தெரியும். அது கூட பரவாயில்ல. பெரிய பிரச்சினை என்னன்னா வார் முடியுறப்ப பாத்தா 15 பேரு வார்ல 30 அட்டாக்ல 9, 10 அட்டாக் அடிக்காமலே கெடக்கும். நான் அதை சோம்பேறித்தனம்னு நினைச்சேன். ரெண்டு வார்ல அடிக்கலைன்னா கிக்னு ரூல் போட்டேன்.

அந்த ரூலை நான் தூக்குனது பாம்பன்காரத் தம்பி ஒருத்தனாலதான். நல்லா அடிக்கிறவன், திடீர்னு ரெண்டு வாரா ஒரு அட்டாக்கும் இல்ல, மெசேஜுக்கு பதிலும் இல்ல, ஒரு டிக்லயே நிக்குது. கோவத்துல கிக் பண்ணிட்டேன். நாலு நாள் கழிச்சு ஒரு படகுல இன்ஜின் பாக்கணும்னு சம்மாட்டி (படகு ஓனர்) கூப்பிட்டாரு, போனா கியர் பாக்ஸ் போயிருக்கு, கடலுக்குள்ள நின்னு போய் ராத்திரி பூராம் நீரோட்டத்துல இழுத்துட்டுப் போய் அப்புறம் இன்னொரு படகு பாத்துக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருக்கு. அந்தப் படகுல இருந்து இறங்கி வந்து எனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது அந்தத் தம்பிதான். அவன் கிளான் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எனக்குத்தான் கையும் ஓடல காலும் ஓடல. அன்னைக்கு ராத்திரியே திரும்ப சேத்து, கிளான்ல எல்டர் பதவி குடுத்து, குரூப்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டேன்.

அதுக்கப்புறம்தான் வேற மாதிரி யோசிச்சேன். நீ எந்த நம்பர்னு கேக்குறத விட நீ எப்ப கரையில இருப்பன்னு கேக்குறதுதான் முதல் கேள்வியா இருக்கணும். ஒர்க்‌ஷாப்ல பாக்கி எழுதுற நோட்டுலயே பின்பக்கம் கட்டம் போட்டேன். பேரு, கரைக்கு வர்ற நேரம், திரும்பப் போற நேரம், வீட்ல சிக்னல் உண்டா இல்ல மொட்டை மாடிக்குப் போகணுமா, ஏர்ல (பறக்குற ட்ரூப்) அடிப்பானா தரையில அடிப்பானா. இந்த அஞ்சுதான். இன்னைக்கு வரைக்கும் அதே அஞ்சுதான் ஓடுது.

முதல்ல வார் போடுற கிழமையே மாறுச்சு. எங்க பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மறுநாள் காலையில கரைக்கு வரும். மிச்ச நாள் நாட்டுப்படகு. முன்னாடி நாங்க ஞாயித்துக்கிழமை லீவு நாள்தானேன்னு சனிக்கிழமை ராத்திரி சர்ச் (வாருக்கு எதிரி கிளானைத் தேடுறது) போடுவோம், சண்டை ஞாயிறு ராத்திரி ஆரம்பிச்சு திங்கள் ராத்திரி முடியும், திங்கள்கிழமை முழுக்க 11 பேரு கடல்ல. அப்புறம் எப்படி அட்டாக் விழும். இப்ப புதன் ராத்திரி 10 மணிக்கு சர்ச் போடுறோம். வியாழன் ராத்திரி 9 மணிக்கு சண்டை தொடங்கி வெள்ளி ராத்திரி 9 மணிக்கு முடியும். விசைப்படகு ஆளுங்க வியாழன் காலையில வந்து மீனைப் பிரிச்சுப் போட்டு தூங்கி எந்திரிச்சு நல்லா தெளிவா இருப்பாங்க, சனிக்கிழமை காலை வரைக்கும் கரையிலதான். நாட்டுப்படகுக்காரங்க வியாழன் சாயங்காலம் போனா வெள்ளி காலையில வருவாங்க, வந்து பாடு (கிடைச்ச மீன்) எப்படின்னு பாத்து, ஏலம் முடிஞ்சு, குளிச்சுட்டு 11 மணிக்கு மேல அடிப்பாங்க. கீழக்கரை ஆளுங்க வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும், 2 மணிக்கு மேலதான். துபாய்ல நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, காக்காமாருக்கு கடைசி நேர அட்டாக்கை வச்சா டியூட்டி முடியாம மாட்டிக்குவாங்க, அதனால அவங்களுக்கு எப்பவும் வியாழன் ராத்திரி, முதல் அட்டாக்.

இதை மட்டும் மாத்துனதுக்கே அடிக்காம விட்ட அட்டாக் 9, 10-ல இருந்து 1, 2-க்கு வந்துருச்சு. வேற எந்த ட்ரெயினிங்கும் இல்ல, ஆளும் மாறல.

நேரம் தெரிஞ்ச பின்னாடிதான் டார்கெட். இதுலயும் நம்பரை ஓரமா வச்சுட்டோம். முதல்ல வர்றவங்க அடிக்கிற அட்டாக்குக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. எதிரியோட கிளான் கேஸில்ல (காவல் படை இருக்குற கோட்டை) என்ன ட்ரூப் இருக்கு, டெஸ்லாங்குற டிஃபென்ஸ் எங்க ஒளிஞ்சிருக்கு, மறைச்சு வச்ச ஜெயன்ட் பாம் எங்கன்னு அப்பதான் தெரியும், பின்னாடி வர்றவன் அந்த ரீப்ளேயைப் பாத்து பிளான் போடலாம். அதனால காக்காமாருக்கு எதிரி லிஸ்ட்ல மேல இருக்குற கஷ்டமான பேஸைக் குடுப்போம், 3 ஸ்டார் வரலைன்னாலும் தப்பில்ல, வழி தெரியட்டும். நாட்டுப்படகுக்காரங்க காலையில வரும்போது அந்த ரீப்ளே ரெடியா இருக்கும். விசைப்படகு ஆளுங்கள்ல நல்லா அடிக்கிற 5 பேரோட ரெண்டாவது அட்டாக்கை வெள்ளி மத்தியானம் 3 மணி வரைக்கும் தொடக்கூடாதுன்னு சொல்லிடுவோம், அதை வச்சுதான் விட்டுப்போன ஸ்டாரை எல்லாம் எடுக்குறது. இதுல கட்டுப்பாடா இருக்குறதுதான் ரொம்பக் கஷ்டம், கையில அட்டாக் இருந்தா யாருக்கும் சும்மா இருக்க முடியாது.

ஏர் அட்டாக் ஆளுங்களுக்கு பேஸ் எடுக்குறப்ப ஏர் ஸ்வீப்பர் (பறக்குற ட்ரூப்பை ஊதித் தள்ளுற டிஃபென்ஸ்) எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு பாப்பேன். அது ஊதுற பக்கத்துல இருந்து ட்ராகனை விட்டா கச்சான் காத்துக்கு எதிரா பாய் விரிச்ச மாதிரிதான், நகரவே நகராது. இந்த ஒரு உதாரணத்துல எங்க நாட்டுப்படகு அண்ணனுக்கு டக்குனு புரிஞ்சுது, அதுக்கு முன்னாடி நான் மூணு வீடியோ அனுப்பியும் புரியல. அவரு இப்ப கிளான்லயே ஏர்ல நல்லா அடிக்கிற ஆளு.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். எல்லாரும் கரையில, பேக் டு பேக் வார். ஆனா அந்த ரெண்டு மாசம்தான் எனக்கு மூச்சு விட நேரம் இல்லாத மாசம், இருக்குற எல்லா விசைப்படகு இன்ஜினும் அப்பதான் ஒர்க்‌ஷாப்புக்கு வரும். ஒரு வருஷம் டார்கெட்டே போட முடியாம வார் நாசமாப் போச்சு. அப்பதான் அந்த காலேஜ் தங்கச்சிகிட்ட நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி நீ பாரும்மான்னேன். பெரியவங்க கேப்பாங்களான்னு எனக்கு பயம் இருந்துச்சு. முதல் நாளே மண்டபத்து மாமா கேட்டுட்டாரு.

"ஏம்மா, நான் நம்ம லிஸ்ட்ல 4, எனக்கு 11-ஐ குடுத்திருக்க?"

"4-ஐ ஏர்லதான் உடைக்க முடியும் மாமா, நீங்க தரையில அடிக்கிறவங்க. 11-ஐ முழுசா முடிச்சுக் குடுங்க, 4-ஐ காக்கா பாத்துக்குவாங்க."

"காக்கா எடுக்கலைன்னா?"

"உங்க ரெண்டாவது அட்டாக்கு எதுக்கு மாமா இருக்கு."

மாமா 11-ல 3 ஸ்டார் எடுத்தாரு. அதுக்குப் பிறகு அது சொன்னா மறு பேச்சு இல்ல. டார்கெட் குடுக்குறப்ப காரணத்தையும் சேத்து சொல்லணும்னு நான் அது கிட்டதான் கத்துக்கிட்டேன், நான் வெறும் நம்பர் மட்டும்தான் போடுவேன். இப்ப அது வாட்ஸ்அப்ல ஆளுக்கு ஒரு வாய்ஸ் நோட் போடுது, 20 செகண்டு, என்ன பேஸ், எங்க இருந்து இறங்கணும், ஏன் உனக்கு. படிக்கத் தயங்குறவங்களுக்கு இதுதான் ரொம்ப உதவியா இருக்கு. கிளான் மெயில்ல லிஸ்ட் மட்டும் போடுவோம்.

சிக்னல் விஷயம் தனியா சொல்லணும். அட்டாக் 3 நிமிஷம்தான், ஆனா நடுவுல நெட் போச்சுன்னா இறக்குன ட்ரூப் மட்டும் தானா அடிச்சுட்டு கெடக்கும், அட்டாக் முடிஞ்சதாதான் கணக்கு. தொண்டித் தம்பி படகு ஜெட்டியில நின்னு ராஜா, ராணின்னு ஹீரோ ரெண்டையும் இறக்குன நேரத்துல டவர் போயிருச்சு, மிச்ச படை பூராம் கையிலயே இருக்க 1 ஸ்டாரோட முடிஞ்சுது. பய ஒரு வாரம் பேசல. தனுஷ்கோடி பக்கம் போனா இலங்கை டவரைப் பிடிச்சு ரோமிங் மெசேஜ் வரும், அங்க நின்னு யாரும் அடிக்காதீங்கன்னே சொல்லி வச்சிருக்கோம். கடல்ல இருந்து அடிக்கிறதுக்கும் தடைதான், சிக்னல் கிடைக்கிற தூரத்துல இருந்தாலும் சரி. வேலை நேரத்துல போன் பாத்துக் கயிறுல கை மாட்டுனா என்ன ஆகும்னு எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியது இல்ல.

லீக்ல கதை வேற. 8 கிளான், 7 நாள், தினம் ஆளுக்கு ஒரே ஒரு அட்டாக். 7 நாள்ல எப்படியும் 3 நாள் விசைப்படகு போயிரும். அதனால 15 பேரு லீக்குக்கு ஒரு 26 பேரை ஆரம்பத்துலயே சேத்துடுவோம், ஏன்னா தொடங்குன பின்னாடி ஆளு சேக்க முடியாது. அப்புறம் தயாராகுற நாள்லயே அடுத்த நாள் யாரு கரையில இருப்பாங்கன்னு பாத்து லைனப்பை மாத்திடுவோம். மத்த கிளான்ல பவர் பாத்து லைனப் போடுவாங்க, நாங்க கடல் நாள் பாத்துப் போடுறோம். மேல இருக்குற ரெண்டு பேரு வெளிய உக்காந்தாலும் பரவாயில்ல, வராத பெரிய ஆளை விட வந்து 2 ஸ்டார் எடுக்குற சின்ன ஆளு மேல். கடைசியில குடுக்குற போனஸ் மெடலையும் ஸ்டார் கணக்குல குடுக்க மாட்டோம், தனக்கு எழுதுன நேரத்துல தவறாம வந்தவங்களுக்குத்தான். இதுல ஒருத்தரு கோவிச்சுக்கிட்டு வேற கிளானுக்குப் போயிட்டாரு. நல்ல பிளேயர், போனதுல வருத்தம்தான், ஆனாலும் மாத்தல.

வார் போடாத நாளும் உண்டு. இலங்கை நேவி நம்ம ஊர்ப் படகைப் பிடிச்சுட்டாங்க, ஆளுங்களக் கொண்டு போயிட்டாங்கன்னு தகவல் வந்துச்சுன்னா அன்னைக்கு சர்ச் கிடையாது. ஓடிட்டு இருக்குற வார்னா அப்படியே விட்டுருவோம், யாரும் ஏன் அடிக்கலைன்னு கேக்க மாட்டாங்க. எங்க ரெக்கார்டுல அப்படித் தோத்த வார் சிலது இருக்கு. அதுக்கு யாரும் வருத்தப்பட்டது இல்ல.

2025 மார்ச்ல ட்ரூப் ட்ரெயின் ஆகுறதுக்கு இருந்த நேரத்தை எடுத்துட்டாங்க, அது எங்களுக்கு பெரிய உதவி. முன்னாடி கடல்ல இருந்து வந்தவன் ஆர்மி ரெடியாக உக்காந்துட்டு இருக்கணும், அதுக்குள்ள தூங்கிருவான். இப்ப வந்த உடனே ரெண்டு அட்டாக்கையும் முடிச்சுட்டுப் படுக்கலாம். இதனால பழகிப் பாக்குறதுக்கும் நேரம் கிடைக்குது, கிளானுக்குள்ளயே ஃப்ரெண்ட்லி சேலஞ்ச் போட்டு ஒரே பேஸை நாலு தடவை அடிச்சுப் பாக்குறாய்ங்க.

இன்னும் சரியா வராத விஷயம், ஒருத்தன் டார்கெட்ல இன்னொருத்தன் கை வைக்கிறது. வாரத்துக்கு ஒண்ணாவது நடக்குது. திட்டிப் பாத்தோம், ஒரு வார் உக்கார வச்சுப் பாத்தோம். இப்ப என்ன செய்றோம்னா, கை வச்சவனே தன்னோட டார்கெட்டை யாரு அடிக்கணும்னு கேட்டு ஆளைப் பிடிச்சுக் குடுக்கணும், அவனே அந்தாளுகிட்ட பேசணும். கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

நாளைக்குப் புதன். அந்தப் பாம்பன் தம்பி இப்ப கோ-லீடர், ஆனா நாளைக்குக் காலையில அவன் கடலுக்குப் போறான், அதனால 10 மணி சர்ச்சை தங்கச்சி போட்டுரும். நோட்டுல 13 பேரு நேரம் எழுதியாச்சு, இன்னும் ரெண்டு பேரு சொல்லணும்.