இழுபட்ட நான்கு கேம்கள்: எதை விளையாடலாம், எதை விட்டுவிடலாம்?

சித்தியின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வெள்ளவத்தை வீட்டில் சும்மா இருக்கிறான். கையில் நான் கொடுத்த பழைய பிளேஸ்டேஷன் 4, படிப்புக்கென்று வாங்கிய சாதாரண லப்டொப். பெறுபேறு வருவதற்குள் ஒரு கேமையாவது முழுதாக விளையாடி முடிக்க வேண்டுமாம். யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு நான்கு பெயர்களோடு வந்தான்: டியூக் நியூகம் ஃபொரெவர், த லாஸ்ட் கார்டியன், சைபர்பங்க் 2077, ஹொலோ நைட்: சில்க்சோங். நான்கும் அறிவித்த பிறகு வருடக்கணக்கில் இழுபட்டவை. “அண்ணா, இவ்வளவு வருஷம் எடுத்துச் செய்ததெண்டா நல்லாத்தானே இருக்கும்?” என்று கேட்டான்.

கொழும்புத் தாமரைக் கோபுரத்தைக் காட்டினேன். 2012 இல் வேலை தொடங்கியது, 2019 இல் திறப்பு விழா நடந்தது, 2022 செப்டெம்பரில்தான் பொதுமக்கள் டிக்கெட் எடுத்து மேலே ஏறினார்கள். பத்து வருடம் எடுத்ததற்காகக் கோபுரம் பத்து மடங்கு வளர்ந்துவிடவில்லை. வருடத்தை எண்ணுவதில் பிரயோசனமில்லை, அந்த வருடங்களில் கட்டினார்களா, கட்டியதை இடித்து இடித்துக் கட்டினார்களா என்றுதான் கேட்க வேண்டும் என்றேன். தலையாட்டினான். விளங்கியதா தெரியவில்லை, ஆகவே ஒவ்வொன்றாக விரித்தேன்.

இந்த நான்கில் டியூக்கும் சில்க்சோங்கும் எதிரெதிர் முனைகள். ஆனால் தொடக்கத்தில் இரண்டின் நிலைமையும் ஏறக்குறைய ஒன்றேதான், அதுதான் சுவாரசியம். இரண்டையும் செய்தவர்களுக்கு முந்தைய கேம் நன்றாக விற்றிருந்தது. கையில் சொந்தப் பணம். “இந்தத் திகதிக்குள் கொடு” என்று மேசையைத் தட்ட மேலே யாரும் இல்லை.

டியூக் நியூகம் ஃபொரெவரை த்ரீடி ரியல்ம்ஸ் நிறுவனம் 1997 ஏப்ரலில் அறிவித்தது. தம்பி அப்போது பிறக்கவேயில்லை. நான் வகுப்பில் கொப்பியின் பின்பக்கத்தில் துப்பாக்கி வரைந்துகொண்டிருந்தேன். முதலில் குவேக் 2 என்ற கேமின் எஞ்சினை, அதாவது கேமைத் தாங்கும் அடிப்படை மென்பொருளை, வாங்கி அதில் கட்டத் தொடங்கினார்கள். ஒரு வருடம் கொஞ்சம் தாண்டியதும், 1998 இல், அன்ரியல் எஞ்சினுக்குத் தாவினார்கள். அதாவது அதுவரை செய்ததில் பெரும்பகுதியைத் திரும்பவும் செய்ய வேண்டும். பிறகும் அதே கதைதான். அடுத்தவன் கேமில் ஏதாவது புதிதாக வந்தால் அது நம்மிடமும் இருக்க வேண்டும். எப்போது வரும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: முடியும்போது வரும். 2001 இல் காட்டிய டிரெய்லரைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. அந்த 2001 பதிப்பே 2022 இல் இணையத்தில் கசிந்தது. ஓரளவு நடந்து திரிந்து சுடக்கூடிய, உயிருள்ள கேமாகத்தான் இருந்தது. அதையே முடித்திருந்தால் என்ற பெருமூச்சு பழைய ரசிகர்களிடம் இன்றும் உண்டு.

2009 மே மாதம் பணம் தீர்ந்தது, குழுவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியிட இருந்த டேக்-டூ நிறுவனம் வழக்குப் போட்டது. விடாப்பிடியான சில பழைய ஊழியர்கள் ட்ரிப்டிக் என்ற சிறு குழுவாகச் சேர்ந்து வேலையைத் தொடர, கியர்பொக்ஸ் என்ற நிறுவனம் உரிமையை வாங்கி, 2011 ஜூனில் ஒருவழியாகக் கேம் கடைக்கு வந்தது. மொத்தம் 14 வருடம். கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது.

வந்ததைப் பார்த்தால், 1996 இல் வந்த முந்தைய கேமில் ஒரு ஆயுதக்கடையையே தோளில் தூக்கித் திரிந்த நாயகன் டியூக், இப்போது இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அது இடையில் வந்த மற்ற கேம்களைப் பார்த்துப் பழகிய பழக்கம். நான்காக்க பிறகு ஒரு திருத்தம் விட வேண்டியிருந்தது. பகிடிகள் எல்லாம் தொண்ணூறுகளில் காய வைத்து எடுத்த கருவாடு. ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிக்கும். தொடக்கத்தில் ஒரு பெரிய அரக்கனோடு மைதானத்தில் சண்டை. அது முடிந்ததும் காட்சி பின்னால் நகர்கிறது. டியூக் சோபாவில் சாய்ந்துகொண்டு தன்னுடைய கேமைத் தானே விளையாடிக்கொண்டிருக்கிறான். கேம் எப்படி என்று பக்கத்தில் கேட்கிறார்கள், இத்தனை வருடத்துக்குப் பிறகு நன்றாக இல்லாமல் போகுமா என்ற தோரணையில், கெட்ட வார்த்தையும் கலந்து, பதில் சொல்கிறான். காத்திருந்தவர்களுக்கு அது சிரிப்பு. 2011 இல் ஐந்து வயதாக இருந்த ஒருவனுக்கு அந்தப் பகிடியை நான் பக்கத்தில் இருந்து விளக்க வேண்டும். டியூக்கை வெட்டிவிட்டோம்.

சில்க்சோங் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் டீம் செர்ரி என்ற கைவிரலுக்குள் எண்ணக்கூடிய குழு செய்தது. முதலில் இது தனிக் கேமே இல்லை. இவர்களுடைய முந்தைய கேமான ஹொலோ நைட்டுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டியபோது, ஹோர்னெட் என்ற பாத்திரத்தை வைத்து ஒரு சின்ன இணைப்பும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து 2019 பெப்ரவரியில் தனிக் கேம் என்று அறிவிக்கப்பட்டது. 2022 ஜூனில் எக்ஸ்பொக்ஸ் நிகழ்ச்சியில் இது தலைகாட்டியபோது, அங்கே காட்டியவை எல்லாம் 12 மாதத்துக்குள் வரும் என்றார்கள். 2023 மே மாதம், இல்லை, இன்னும் தேவை என்றார்கள். அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 2025 ஓகஸ்ட் 21 இல் திடீரென்று, இரண்டு வாரத்தில் வருகிறது என்ற அறிவிப்பு!

ஆறரை வருடம் என்ன செய்தார்கள்? தங்களுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை, செய்யச் செய்ய ஆசையாக இருந்தது, சேர்த்துக்கொண்டே போனோம் என்று அவர்களே பிறகு சொன்னார்கள். டியூக்கின் கதைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அதே யூனிட்டி எஞ்சின், அதே கையால் வரையும் பாணி, அதே அத்திவாரம். இடிக்கவேயில்லை. மேலே மேலே மாடி மட்டும் எழுந்தது. விளையாடும்போது அது தெரியும். ஒரு மூலைக்குள் சும்மா எட்டிப் பார்த்தால்கூட யாரோ ஒருவர் அங்கே ஒரு வாரம் உட்கார்ந்து எதையோ வரைந்து வைத்திருப்பார்.

செப்டெம்பர் 4, இலங்கை நேரம் இரவு 7.30. உலகம் முழுக்க டிஜிட்டல் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. நான் காலி வீதியில் வாங்கி வந்த கொத்து ரொட்டியைச் சாப்பிட்டுக் கை கழுவி வந்தும் பணம் கட்டும் பக்கம் திறந்தபாடில்லை. அமெரிக்க விலை 20 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் ஆறாயிரம். பெரிய கேம்கள் 70 டொலர் கேட்கும் காலத்தில் இது மலிவுதான். இந்தக் கேமுக்குள் காசு என்பது ஜெபமாலை மணி. செத்தால் கோர்க்காமல் கையிலுள்ள மணியெல்லாம் அங்கேயே தங்கிவிடும், மீண்டும் போய் எடுக்க வேண்டும். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் செபமாலைகள் எனக்கு ஞாபகம் வந்தன.

குறையும் உண்டு. ஒரு அடிக்கு இரண்டு உயிர் போகும் எதிரிகள் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார்கள். சில இடங்களில் செத்தபின் சண்டைக்குத் திரும்பி நடக்கும் தூரமே ஒரு தண்டனை. கூக்குரல் எழும்பி, ஆரம்பத்தில் வரும் சில பெரிய எதிரிகளை முதல் திருத்தத்திலேயே கொஞ்சம் இலகுவாக்கினார்கள். வருடக்கணக்கில் தாங்களே விளையாடிப் பார்த்தவர்களுக்குக் கைப்பழக்கம் கூடிப்போயிருக்கும் என்பது என் ஊகம்.

மற்ற இரண்டும் மெஷின் பிரச்சினை. இவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேடிக்கை: ஒன்று பழைய மெஷினுக்குள் அடங்காமல் காத்திருந்தது, மற்றது பழைய மெஷினை விட மனமில்லாமல் கெட்டது.

த லாஸ்ட் கார்டியனை 2009 இல் பிளேஸ்டேஷன் 3க்கென்று காட்டினார்கள். இயக்குநர் ஃபுமிட்டோ உவேதாவின் கனவு பெரிது, பெட்டி சிறிது. அந்த முதல் டிரெய்லரே வேகத்தைக் கூட்டிக் காட்டியதுதான், உள்ளே கேம் அதைவிட மெதுவாகவே ஓடியது என்று சோனியின் ஷூஹெய் யொஷிடா பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2011 இல் உவேதா சோனியைவிட்டு வெளியேறியும் ஒப்பந்த அடிப்படையில் அதே வேலையைத் தொடர்ந்தார். கடைசியில் 2016 டிசெம்பரில் பிளேஸ்டேஷன் 4 இல் வந்தது. அதிலும் சில இடங்களில் திக்கித் திக்கித்தான் ஓடும். கெமராவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சுவர் ஓரம் போனால் இறகுக்குள் முகம் புதைத்தது போலிருக்கும்.

ஆனாலும் இதன்மேல் எனக்கு ஒரு ஓரவஞ்சனை உண்டு. ட்ரிக்கோ என்ற அந்தப் பெரிய பிராணி, பூனை பாதி பறவை மீதி, தொடக்கத்தில் காயத்தோடு கிடக்கும். உணவுப் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் வைப்பீர்கள். தின்னாது, உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளி நின்றால்தான் வாய் வைக்கும். வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதையோரம் திரியும் நாய்க்குப் பனிஸ் போட்டவர்களுக்கு இது தெரியும். கூப்பிட்டால் உடனே வராது என்று பலர் திட்டினார்கள். உடனே வந்தால் அது பிராணியா, லிஃப்டா?

சைபர்பங்க் 2077 நேர்மாறு. 2012 இல் அறிவித்தாலும் சிடி ப்ரொஜெக்ட் நிறுவனம் முழுமூச்சாக இறங்கியது தன் முந்தைய கேமான விட்சர் 3 வேலைகள் முடிந்த பிறகுதான். 2020 ஏப்ரல் 16 என்று திகதி குறித்தார்கள். அது செப்டெம்பர் 17 ஆனது, நவம்பர் 19 ஆனது, பிறகு டிசெம்பர் 10. அந்தக் கடைசி 21 நாளைக் கேட்டது, கேம் தயார் என்று அறிவித்துச் சில வாரங்களில். வீடு கட்டும் பாஸ் “வாற மாதம் கட்டாயம்” என்று சொல்லும்போதே நமக்கு விளங்கிவிடுமே, அந்த ரகம். பிளேஸ்டேஷன் 4 இல் வந்தது பார்க்கச் சகிக்கவில்லை. பத்து நாள்கூட ஆகவில்லை, சோனி தன் டிஜிட்டல் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள்.

டியூக் வெளியே வராமல் இழுத்தது, இது வெளியே வந்த பிறகும் இழுத்தது. என்னைக் கேட்டால் இதன் உண்மையான வெளியீடு 2023 செப்டெம்பர், 2.0 திருத்தம் வந்த நாள். அன்றிலிருந்து இது உண்மையிலேயே நல்ல கேம். நைட் சிட்டியில் மழை பெய்யும் இரவில் சும்மா கார் ஓட்டுவதற்கே வாங்கலாம். தம்பிக்குத்தான் கெட்ட செய்தி: அந்த 2.0 பிளேஸ்டேஷன் 4க்கு இல்லை. கணினியில் என்றால் 70 ஜீபி, அதுவும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தில் இடம் வேண்டும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அவனுடைய லப்டொப் விசிறியை அலறவிட்டுவிட்டு அணைந்துபோகும். சில்க்சோங்குக்கு 8 ஜீபி போதும், வீட்டு இணையத்தில் இரவு டேட்டாவிலேயே இறங்கிவிடும்.

டெட் ஐலண்ட் 2 ஐயும் ஸ்கல் அண்ட் போன்ஸையும் பற்றிக் கேட்டான். முதலாவது மூன்று நிறுவனங்கள் கைமாறி 2023 இல் வந்தது, மோசமில்லை. இரண்டாவது 2017 இல் காட்டி 2024 இல் வந்தது, கடல் மட்டும் அழகு. திகதி தள்ளித் தள்ளிப் போன ஜீடிஏ 6 ஐப் பற்றி வாயைத் திறக்கவே விடவில்லை.

ஆகவே அவனுக்குச் சொன்னது: இப்போது சில்க்சோங். அது கையை ஒடித்தால் இடைக்கிடை லாஸ்ட் கார்டியன், ஆனால் டிஸ்க்காகத் தேடி வாங்கு. என்றாவது பிளேஸ்டேஷன் 5 வாங்கினால், எந்த அப்டேட்டும் போடாமல் அந்த டிஸ்க்கை அப்படியே ஓட்டினால் விக்கல் இல்லாமல் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும். சைபர்பங்க் வேலை கிடைத்த பிறகு.

மூன்றாம் நாள் இரவு வட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி. ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில் அடி வாங்கி, உயிர் ஊசலாட, ஒருவழியாக இளைப்பாறும் பெஞ்ச் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். ஓடிப்போய் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சே பொறி. “அண்ணா, ஆறு வருஷமா இதையா இருந்து யோசிச்சவங்கள்?” என்றான். பின்னால் சித்தி, மணி இரண்டாகிறது, படு என்று கத்துவதும் கேட்டது.